ஒலிநாடாவில் வந்த போர்க்களம்

சென்ற ஆண்டு கோடையில் ஒரு மாலை, மரக்காணத்து உப்பளத்தில் கூலிவேலை செய்யும் ஒருவர் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். ஒன்பதாம் வகுப்பு முடித்த பையன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ஐயா, இவன் பொழுது விடிந்தால் துப்பாக்கியும் கையுமாக இருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்" என்றார் தந்தை. துப்பாக்கி என்றதும் நான் திடுக்கிட்டுப் போனேன். பிறகுதான் அது கைப்பேசியில் ஆடும் ஆட்டம் என்று விளங்கிற்று. 2020 இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மூத்த மகளின் பாடத்துக்காக, வேலை கொடுப்பவரிடம் முன்பணம் வாங்கி அந்தக் கைப்பேசியை வாங்கியிருக்கிறார். மகள் படித்து முடித்துவிட்டாள். கைப்பேசி தம்பியின் கைக்கு வந்தது. முன்பணம் கழிய இரண்டு பருவம் ஆயிற்றாம்.

நாற்பது ஆண்டுக் காலம் ஆசிரியத் தொழில் செய்தவனுடைய நாவில் இத்தகைய வேளைக்கென்றே நாலைந்து புத்திமதிகள் எப்போதும் தயாராக இருக்கும். அன்று அவற்றுள் ஒன்றும் வெளிவரவில்லை. 1988 இல் புதுச்சேரியில் ஒரு வீட்டில் நான் பார்த்த காட்சி ஒன்று நினைவுக்கு வந்து வாயைக் கட்டிவிட்டது. "வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். அந்தக் கைப்பேசியையும் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் நான் நினைவுகூர்ந்தும் தேடியும் திரட்டிக்கொண்ட செய்திகளையே இன்று நேயர்களுக்குச் சொல்லப்போகிறேன்.

போரை விளையாட்டாக்குவது மனிதனுக்குப் புதிதன்று. சதுரங்கம் என்னும் பெயரே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படை உறுப்புகளால் வந்தது. நம் கோயில் மண்டபங்களில் தரைக்கற்களைக் கூர்ந்து பார்த்தால் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கீறிய கோடுகள் தென்படும். மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை 1750 இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760 இல் ஆங்கிலேயரால் பிடித்து இடிக்கப்பட்டது. அதன் சிதைந்த மதில்மேல் சிறுவர்கள் பனைமட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்துச் சுட்டுக்கொள்வதை நான் பலமுறை பார்த்ததுண்டு. "நீ செத்துப்போய்விட்டாய்" என்று ஒருவன் கத்துவான். "இல்லை, குண்டு படவில்லை" என்று மற்றவன் வழக்காடுவான். இந்த வழக்கைத் தீர்க்க அங்கே நடுவர் இல்லை. கணிப்பொறி ஆட்டம் வந்தபோது முதலில் ஒழிந்தது இந்த வழக்குத்தான். குண்டு பட்டதா இல்லையா என்பதை இயந்திரமே சொல்லிவிடும்.

வீட்டுக் கணிப்பொறி என்ற பொருள் 1970களின் பிற்பகுதியில் மேல்நாடுகளில் கடைக்கு வந்தது. அதற்குமுன் கணிப்பொறி என்பது பெரிய அலுவலகங்களிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் குளிரூட்டிய அறைகளில் இருந்த பொருள். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் கிளைவ் சிங்க்ளேர் என்பவர் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறிய கணிப்பொறியை வெளியிட்டார். ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகத்தைவிடப் பெரிதல்லாத கருப்புப் பெட்டி; ரப்பர் விசைகள்; திரை கிடையாது. வீட்டிலுள்ள டெலிவிஷன் பெட்டியே திரை. வீட்டிலுள்ள டேப் ரிக்கார்டரே சேமிப்புக் கிடங்கு. அதே ஆண்டில் அமெரிக்காவில் கமடோர் 64 வந்தது.

நம் நாட்டிலும் இந்த அலை சற்றுப் பிந்தி வந்து தொட்டது. 1984 இல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கல்வியைக் கொண்டுவரும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ என்னும் இங்கிலாந்துக் கணிப்பொறிகளைக் கொடுத்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கு அது வரவில்லை; எங்களுக்கு அந்த நாளில் மழைக்கு ஒழுகாத கூரை வந்திருந்தாலே போதும். 1986 இல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் பெற்று, ஸ்பெக்ட்ரத்தின் திருத்திய வடிவத்தை 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்னும் பெயரில் நம் நாட்டிலேயே விற்கத் தொடங்கிற்று. நான் முதன்முதல் தொட்டுப் பார்த்த கணிப்பொறி அதுதான்.

1988 இல் நான் இளம் கணித ஆசிரியன். சம்பளம் போதாமையால் ஞாயிற்றுக்கிழமைதோறும் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஒரு வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் படைவீரனுக்கு வழங்கும் சொல் அது. இந்தோசீனப் போரில் இருந்தவர். இடக்கால் சற்றுத் தாங்கித் தாங்கி நடப்பார். பேரன் படிப்பில் தேற வேண்டும் என்று ஆசைப்பட்டு அந்தக் கணிப்பொறியை அவர்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். பேரனோ அதில் படித்தது குறைவு. உறவினர் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காசெட்டுகளில் 'கமாண்டோ' என்று ஓர் ஆட்டம் இருந்தது. நான் போகும்போதெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

காசெட்டில் எப்படி ஆட்டம் இருக்க முடியும் என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அன்று அப்படித்தான் கேட்டேன். வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கணிப்பொறிக்குத் தெரிந்தவை இரண்டே குறிகள்: சுழி, ஒன்று. ஸ்பெக்ட்ரத்தில் சுழியைக் குறிக்க நொடிக்கு ஏறத்தாழ 2000 அதிர்வுள்ள ஒரு கீச்சொலி. ஒன்றைக் குறிக்க அதில் பாதி, அதாவது ஏறத்தாழ 1000 அதிர்வுள்ள ஒலி. இவ்விரண்டையும் வேகவேகமாக மாற்றிமாற்றிப் பதிந்ததே அந்தக் காசெட். டேப் ரிக்கார்டரை ஓடவிட்டால் முதலில் ஒரே சீரான நீண்ட ஓசை எழும். டெலிவிஷன் திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாய்ப் பட்டைகள் உருளும். பிறகு மழைநாளில் சிற்றலை வானொலி கரகரப்பதுபோல ஓர் இரைச்சல். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாகிப் படபடக்கும். நாலைந்து நிமிடம் இப்படி இரைந்து முடிந்தபின் ஆட்டம் தயார். இடையில் யாராவது மேசையை இடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒலிதானே, வானொலியில் அனுப்பினால் என்ன என்று சிலருக்குத் தோன்றிற்று. நெதர்லாந்து வானொலியில் 'ஹாபிஸ்கூப்' என்னும் நிகழ்ச்சியிலும், யூகோஸ்லாவியாவில் பெல்கிரேடு வானொலியிலும் 1980களில் இந்த இரைச்சலை அப்படியே ஒலிபரப்பினார்கள். நேயர்கள் அதைக் காசெட்டில் பதிந்து, தங்கள் கணிப்பொறியில் போட்டு, நிரலைப் பெற்றுக்கொண்டார்கள். வானொலியின் வரலாற்றில் மனிதக் காதுக்கென்றில்லாமல் இயந்திரத்தின் காதுக்கென்று ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் இவை. இந்த நிலையத்தில் அப்படி ஒன்றைப் போட்டிருந்தால், பெட்டி கெட்டுவிட்டதென்று எத்தனை பேர் தலையில் தட்டியிருப்பார்களோ!

இனித் திரைக்கு வருவோம். இதை விளக்க எனக்கு உப்பளத்தைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. அளத்தில் நிலம் முழுவதையும் ஒரே தேக்கமாக விடுவதில்லை. வரப்பு கட்டிப் பாத்திகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாத்தியில் நீர் தெளிந்திருக்கும். அடுத்ததில் செம்மை ஏறியிருக்கும். அதற்கப்பால் உப்புப் பூத்து வெளுத்திருக்கும். ஸ்பெக்ட்ரத்தின் திரையும் அப்படியே. அகலத்தில் 32, உயரத்தில் 24, ஆக 768 பாத்திகள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள். ஆனால் ஒரு பாத்திக்குள் இரண்டு நிறங்களே இருக்கலாம்: எழுத்துக்கு ஒன்று, அடித்தளத்துக்கு ஒன்று. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் மஞ்சள் மணல்மீது நடந்து நீல ஆற்றோரம் வந்தால், அந்தப் பாத்தியில் மூன்று நிறம் வேண்டும், கிடையாது. எனவே அவன் ஆற்றின் நிறத்தைப் பூசிக்கொள்வான், அல்லது ஆறு அவன் நிறத்தைப் பூசிக்கொள்ளும். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே அக்கால ஆட்டக்காரர் பலர் தம் வீரர்களுக்குத் தனி நிறம் கொடாமல் நிழலுருவாக விட்டார்கள்.

மொத்த நினைவகம் 48 கிலோபைட்டு. ஒரு பைட்டு என்பது 0 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் ஓர் அறை. அப்படி 49,152 அறைகள். அவற்றுள் 6,912 அறைகளைத் திரையே பிடித்துக்கொள்ளும். எஞ்சியதில்தான் வீரன், பகைவர், மரம், பாறை, பாலம், குண்டு, மதிப்பெண், ஓசை, விதிமுறைகள் எல்லாம் அடங்க வேண்டும். நான் இப்போது படிக்கும் இந்தப் பேச்சை இன்றைய முறையில் கணிப்பொறியில் எழுதிவைத்தால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு வீதம், ஏறக்குறைய அந்த 48 கிலோபைட்டையும் இதுவே நிரப்பிவிடும். அந்தப் பையன் கையில் வைத்திருந்த கைப்பேசியின் நினைவகமோ, 4 ஜிகாபைட்டு என்று கொண்டாலும், அதைப்போல் எண்பத்தேழாயிரம் மடங்கு.

கமாண்டோ என்பது ஜப்பானில் காப்காம் நிறுவனம் 1985 இல் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியாகச் செய்த ஆட்டம். ஜப்பானில் அதற்குப் 'போர்க்களத்து ஓநாய்' என்று பொருள்படும் பெயர். அதை வடிவமைத்தவர் டோகுரோ புஜிவாரா. அதே ஆண்டில் இங்கிலாந்தின் எலைட் என்னும் நிறுவனம் அதை வீட்டுக் கணிப்பொறிகளுக்கு மாற்றிக் கொடுத்தது. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜோ என்னும் ஒற்றை வீரனை ஹெலிகாப்டர் காட்டில் இறக்கிவிட்டுப் போகும். அவன் திரையின் மேற்புறம் நோக்கி முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கிக்குக் குண்டு தீராது. கையெறி குண்டுகளுக்கு மட்டும் கணக்கு உண்டு, வழியில் கிடக்கும் பெட்டிகளில் எடுத்துக்கொள்ளலாம். பகைவர் பக்கங்களிலிருந்தும் பதுங்குகுழிகளிலிருந்தும் வந்துகொண்டேயிருப்பார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கோட்டை வாயில். அது திறந்து ஒரு கூட்டம் ஓடிவரும்.

சதுரங்கத்தில் ஆடுபவன் அரசனைப்போல மேலிருந்து பார்த்து யோசிக்கிறான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். இங்கே அவன் காலாள். யோசித்தால் செத்தான். ஆட்டத்தின் சுவை முழுவதும் இந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

இந்த அவசரத்தை உண்டாக்குவது எளிய காரியமன்று. வீரன் முன்னேறும்போது காடு முழுவதும் பின்னோக்கி நகர வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் படத்தை நகர்த்தத் தனி உறுப்பு இல்லை. திரைக்குரிய 6,144 புள்ளியறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அதன் இயந்திரம் நொடிக்கு 35 இலட்சம் துடிப்பு துடிக்கும். ஓர் அறையை நேர்வழியில் இடம்மாற்ற 21 துடிப்பு. கணக்குப் போட்டால், திரை முழுவதையும் ஒருமுறை நகர்த்துவதற்கே நொடியில் இருபத்தேழில் ஒரு பங்கு போய்விடும். டெலிவிஷனோ நொடிக்கு ஐம்பது முறை படம் கேட்கிறது. இந்த இடைவெளியில் இண்டு இடுக்கெல்லாம் தேடி நேரத்தை மிச்சம்பிடித்தவர்கள் அந்நாளைய நிரலாசிரியர்கள். பலர் இருபது வயதுகூட நிரம்பாதவர்கள். கமடோர் 64 இல் வேலை சற்று எளிது. அதில் எட்டு உருவங்களைத் திரையின்மேல் தனியே மிதக்கவிடும் வசதி உண்டு. மூன்று குரலில் பாடும் இசைத்துண்டும் உண்டு. அதற்கான கமாண்டோ இசையை ராப் ஹப்பர்டு ஒரே இரவில் உட்கார்ந்து அமைத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் பையனின் பெட்டியில் இருந்ததோ பொன்வண்டு குமிழியில் அகப்பட்டுக்கொண்டதுபோல் ஓசையிடும் ஒரு சிறு ஒலிபெருக்கி.

இப்போது அந்த 1988 ஆம் ஆண்டுக் காட்சிக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கணக்கு முடிந்து பையன் ஆடிக்கொண்டிருந்தான். பெரியவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் திரையில் ஏறும்போது வரும் முகப்புப் படத்தை அவர் விரும்பிப் பார்ப்பார். முதலில் கோடுகோடாக வரிசை தவறிப் படம் நிரம்பும். கடைசியில் ஒரே வீச்சில் நிறம் ஏறும். அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை. பையன் சுட, வரிசையாக ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். விழுந்தவன் ஒரு கணம் துடிப்பான், பிறகு இல்லை. தரை பழையபடி வெறுமையாக இருக்கும்.

"வாத்தியாரே, விழுந்தவனை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள்?" என்று கேட்டார்.

நான் கணித ஆசிரியன் அல்லவா? ஆர்வத்தோடு விளக்கினேன். நினைவகத்தில் ஆட்களுக்கென்று ஒரு சிறு அட்டவணை இருக்கும். அதில் இத்தனை வரிகள்தான் என்று ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஒருவன் நிற்கும் இடம், போகும் திசை, நிலை ஆகியவை எண்களாக இருக்கும். விழுந்தவன் தன் வரியைக் காலி செய்தால்தான் அடுத்தவன் திரைக்கு வரமுடியும். உடல்களையெல்லாம் கிடக்கவிட்டால் அவற்றை வரைவதற்கே இயந்திரத்துக்கு நேரம் போதாது, ஆட்டம் ஊர்ந்துபோகும். ஆகவே உடனே அழித்துவிடுகிறார்கள் என்றேன். இன்று யோசித்தாலும் அந்த விளக்கத்தில் தவறு இல்லை.

அவர் கேட்டுக்கொண்டார். "நாங்கள் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு இரவு முழுவதும் சேற்றில் நடந்தோம். ஒருவன் காரைக்கால் பையன்" என்றார். பிறகு பேரனிடம் ஓசையைக் குறைக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த அறைக்கு வரவில்லை. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. வாங்கிக் கொடுத்தவர் அவரே. ஒருமுறை நான், "பையனை வேண்டுமானால் கண்டிக்கட்டுமா?" என்று கேட்டேன். "அவன் என்ன செய்தான்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அந்தப் பையன் வேறொன்று செய்தான். அதையும் சொல்ல வேண்டும். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த சில எண்களைத் தட்டி, ஆட்டத்தில் தன் வீரன் சாகாதபடி செய்துவிட்டான். இதன் சூட்சுமம் மிக எளியது. வீரனுக்கு எத்தனை உயிர் மிச்சம் என்பது நினைவகத்தில் ஓர் அறையில் இருக்கும். அவன் விழும்போதெல்லாம் அதில் ஒன்றைக் கழிக்கும் கட்டளை நிரலில் ஓரிடத்தில் இருக்கும். அந்த இயந்திரத்தின் மொழியில் 61 என்றால் 'ஒன்று கழி' என்று பொருள்; 0 என்றால் 'ஒன்றும் செய்யாதே' என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடித்து 61 ஐ 0 ஆக மாற்றிவிட்டால் போதும், சாவு ஒழிந்தது. பையன் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் ஆசிரியன் என்பதை மறந்து வாய்பிளந்து கேட்டேன். பதினாறின் அடிமானத்தில் எண்ணுவதை வகுப்பில் நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, அவனாகவே கற்றிருந்தான். சாகாத வீரனை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆடினான். மூன்றாம் வாரம் நான் போனபோது அந்தக் காசெட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தான். "சலித்துவிட்டது சார்" என்றான்.

இத்தகைய ஆட்டங்களைப் பற்றிய கவலை நம் உப்பளத் தொழிலாளி ஒருவருக்கு மட்டும் வந்ததன்று. இரு உலகப் போர்களிலும் அடிபட்ட ஜெர்மனியில் இது மிகுதி. கரோல் ஷா என்னும் அம்மையார் 1982 இல் செய்த 'ரிவர் ரெய்டு' என்ற விமான ஆட்டத்தை, சிறுவர்க்கு ஆகாதவை என்னும் பட்டியலில் மேற்கு ஜெர்மனி அரசு 1984 இல் சேர்த்தது. கமாண்டோவும் அந்தப் பட்டியலில் ஏறிற்று. அந்நாட்டில் விற்பதற்காகவே மனிதப் பகைவரை நீக்கி, இயந்திர மனிதர்களை வைத்து, 'ஸ்பேஸ் இன்வேஷன்' என்று பெயரை மாற்றி ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். ஓட்டம் அதே, சுடுவது அதே, விதிகளும் அவையே. உருவங்களை வரைந்த எண்கள் மாறின, அவ்வளவுதான். இது நேர்மையான திருத்தமா, கண்துடைப்பா என்று நான் பலநாள் எண்ணியதுண்டு. கண்துடைப்பு என்பதே என் கருத்து. ஆனாலும் ஆள் விழுவதும் பொம்மை விழுவதும் பார்க்கும் குழந்தைக்கு ஒன்றே என்று சொல்லவும் நான் துணியேன். பின்லாந்திலோ 'ரெய்டு ஓவர் மாஸ்கோ' என்ற ஆட்டத்தைப் பற்றி 1985 இல் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. சோவியத் அரசும் கண்டனம் தெரிவித்தது. விளைவு, அந்த ஆட்டம் அங்கே அமோகமாக விற்பனையாயிற்று. தடைசெய்வோர் இதையும் கருத்தில் கொள்வது நல்லது. நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் பப்ஜி என்னும் கைப்பேசிப் போர் ஆட்டம் தடைசெய்யப்பட்டு, 2021 இல் வேறு பெயரில் திரும்பி வந்ததைப் பிள்ளைகள் அறிவார்கள்.

நம் கடற்கரைக்குப் போர் எட்டிப் பார்த்ததும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போயிற்று. ஒரு நூற்றாண்டு கழிந்தும் 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். தீப்பிடித்த இரவு மறந்துபோய்ச் சாமர்த்தியம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. பிள்ளைகளின் ஆட்டத்தைக் குறைகூறும்போது இந்தச் சொல் என் நினைவுக்கு வந்து சற்றே நாணம் தரும்.

ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகனும் வந்தார்கள். கைப்பேசியைக் காட்டச் சொன்னேன். நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசியில் ஒருவர் எஞ்சும்வரை சுட்டுக்கொள்ளும் ஆட்டம். புல் அசைகிறது, காலடி கேட்கிறது. கமாண்டோவின் கொள்ளுப்பேரன் என்றே சொல்ல வேண்டும். அதில் வரும் பகைவருள் பலர் எங்கோ வேறொரு கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெய்யான மனிதர்கள் என்பது பெரிய வேறுபாடு. "விழுந்தவன் எங்கே போகிறான்?" என்று கேட்டேன். பையன் யோசித்துவிட்டு, "பெட்டியாகிவிடுவான் தாத்தா. அவனிடம் இருந்த சாமானெல்லாம் அதில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம்" என்றான். அப்போது அவனுக்குப் புதுச்சேரிப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். தந்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியை மட்டும் கவிழ்த்து வைத்தான்.

அவன் ஆட்டத்தை விட்டுவிட்டானா என்று நேயர்கள் கேட்டால், இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் என்று தந்தையும் அவனும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதை நான் துருவிக் கேட்பதில்லை. ஆனால் அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என் வீட்டுக்கு வருகிறான்.

முதல்நாள் அவனுக்கு அந்தப் பழைய பெட்டியில் உருவம் வரையும் முறையைச் சொன்னேன். கட்டம்போட்ட தாளில் எட்டுக்கு எட்டு சதுரம். மேலே இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதிக்கொள்ள வேண்டும். கருப்பாக்கிய கட்டங்களின் எண்களைக் கூட்டினால் ஒரு வரிக்கு ஓர் எண். எட்டு வரிக்கு எட்டு எண். அந்த எட்டு எண்ணே ஓர் உருவம். "என்ன வேண்டுமானாலும் வரை" என்றேன். துப்பாக்கிக்காரனை வரைவான் என்று எதிர்பார்த்தேன். தலையில் உப்புக் கூடையோடு ஓர் ஆளை வரைந்தான். கூடையின் வாய் 126, அடி 60, தலை 24, தோள் 60, தொங்கும் கைகள் 90, இடுப்பு 24, கால்கள் 36, பாதம் 66. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

"இது அம்மா" என்றான்.

தந்தை தாளை வாங்கிப் பார்த்தார். "அவள் தூக்கும் கூடை இதைவிடப் பெரிது" என்றார். பையன் அழித்துவிட்டுக் கூடையை மூன்று வரிக்கு உயர்த்தினான். காலுக்கு இடமில்லாமல் போயிற்று. கீழே இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டான். சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.